மூல ஓலை யார் கையில்?

(களமருதூரில் நடந்த விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக அச்சிடப்படுகிறது. படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.)



பொழுது சாயப் போகிறது. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், மோட்டார் போடணும் என்று எழுந்திருக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு நாம் கதை பேசப் போகிறோம்.

கதை கேட்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பாரதம் நடந்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று நாள் கணக்கில் உட்காருகிற ஜனம் நாம். படுகளத்தன்று மண்ணில் படுத்திருக்கிற துரியோதனனைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு வருகிற ஜனம். களம் என்ற சொல்லுக்கே நம்மிடம் மூன்று அர்த்தம். நெல் அடிக்கிறதும் களம். கூத்தாடுகிறதும் களம். சண்டை போடுகிறதும் களம். ஆனால் என்ன நடக்கிறது? விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டு சீதைக்கு ராமன் என்ன உறவு என்று கேட்டவன் கதையாக, துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நம்ம பெரியவர்கள் எதற்காக இந்தக் கதைகளைச் சொல்லி வைத்தார்கள், நம்ம ஊர்ப்பக்கத்துக் கல்லில் எதற்காக எழுதி வைத்தார்கள் என்று யோசிப்பதில்லை. இன்றைக்கு யோசிப்போம்.

முதலில் விஷயம்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் வந்த வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. சாத்தனூர் அணையைத் திறந்ததும் கரையோர ஊர்கள் பட்ட பாடும் மறக்கவில்லை. அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. தண்ணீரில் மூழ்கி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாழான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஏழாயிரம்கூட வராது. நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் அது காணாது என்பது வேறு விஷயம். அந்த ஏழாயிரமாவது உழுதவன் கைக்கு வந்ததா என்பதுதான் இன்றைய கேள்வி.

இந்தக் கூட்டத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. மூன்று ஏக்கர் கட்டுக்குத்தகை. பதினாலு வருஷமாக அவர் கைபட்ட மண். பட்டா வெளியூரில் இருக்கிற ஒருவர் பெயரில். அந்த வருஷம் சம்பா பொதி கட்டுகிற நேரத்தில் அஞ்சு நாள் தண்ணி நின்றது. பயிர் அழுகிப் போச்சு. கணக்கெடுக்க வந்தவர்களுக்கு வரப்பு காட்டியவர் இந்த அக்கா. முழங்கால் சேற்றில் நின்றவர் இந்த அக்கா. பணம் போனது பட்டாக்காரர் வங்கிக் கணக்குக்கு. போன் போட்டுக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "நான் என்னம்மா செய்யறது, கணக்குல என் பேருதானே இருக்குது?"

அவர் பொய் சொல்லவில்லை. கணக்கில் அவர் பெயர்தான் இருக்கிறது. குத்தகைப் பாக்கியில் அதைக் கழித்துக்கொள்ளவும் அவர் தயாரில்லை. அக்கா நகையை அடகு வைத்து அடுத்த பட்டம் நட்டார். கூட்டுறவில் பயிர்க்கடன் கேட்டாலும் அடங்கல் கேட்பார்கள். பயிர் காப்பீட்டுக்கும் அடங்கல் கேட்பார்கள். 2019-ல் வந்த பிரதமர் கிசான் திட்டத்தின் வருஷம் 6,000 ரூபாய் நிலம் பெயரில் இருக்கிறவர்களுக்குத்தான். 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று பதிவு நடந்தபோதும் நில விவரத்தோடு இணைத்துத்தான் எண் கொடுத்தார்கள். அப்படியானால் இந்த அக்கா யார்? பதினாலு வருஷம் உழுதும் அவர் விவசாயி இல்லையா?

திருநாவலூரும் திருவெண்ணெய்நல்லூரும்

இப்போது கதைக்கு வருவோம். தூரத்துக் கதை வேண்டாம். பக்கத்திலிருக்கிற திருநாவலூர்க் கதை. சுந்தரர் பிறந்த ஊர். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தல் நிறைய ஜனம். மணமேடைக்கு முன்னால் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். "இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரருக்குக் கோபம் வந்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. கிழவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டு போனார். சபையார் சாட்சியம் கேட்டார்கள். மூன்று வகையில் ஒன்று வேண்டும்: ஆட்சி, அதாவது நெடுநாள் அனுபவம், ஆவணம், அதாவது எழுத்து, அயலார் காட்சி, அதாவது கண்ணால் கண்ட சாட்சி. கிழவர் மடியிலிருந்து இன்னொரு ஓலையை எடுத்தார். "கல்யாணப் பந்தலில் கிழித்தது படி ஓலை. மூல ஓலை இது" என்றார். பாட்டனின் வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. சுந்தரர் தோற்றார். கிழவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார்.

பக்தி நோக்கில் இது தடுத்தாட்கொண்ட கதை. அதை அப்படியே வணங்குவோம். விவசாயி நோக்கில் இதில் இரண்டு பாடம் இருக்கிறது.

ஒன்று, ஆத்திரத்தில் கிழிக்கிற காகிதம் படிதான். மூலம் வேறொருவர் மடியில் பத்திரமாக இருக்கும். நாம் மறியல் செய்கிறோம், கோஷம் போடுகிறோம், நோட்டீசைக் கிழிக்கிறோம். தேவைதான். ஆனால் மூல ஓலை எங்கே இருக்கிறது? கிராமக் கணக்கு இரண்டாம் எண்ணில் இருக்கிறது. அதன் பெயர் அடங்கல். எந்தப் புல எண்ணில், எந்தப் பட்டத்தில், என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதுகிற கணக்கு அது. அதில் பெயர் இல்லாமல் வீதியில் எத்தனை கத்தினாலும் சபையில் தோற்போம்.

இரண்டு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதையிலேயே எழுத்து ஒன்றை மட்டும் நம்பவில்லை. அனுபவமும் சாட்சி, அக்கம்பக்கத்தார் கண்டதும் சாட்சி. இந்த அக்காவுக்கு ஆவணம் இல்லை. ஆனால் பதினாலு வருஷத்து அனுபவம் இருக்கிறது. ஊரே கண்ட காட்சி இருக்கிறது. மூன்றில் இரண்டு அவர் பக்கம். அன்றைய சபை கேட்டதை இன்றைய அலுவலகம் ஏன் கேட்பதில்லை? பக்கத்து வயல்காரனைக் கூப்பிட்டு, "இந்த நிலத்தை யார் உழுவுறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே.

மிளகும் உளுந்தும்

உளுந்தூர்பேட்டைப் பெயருக்கு ஒரு தலக்கதை சொல்வார்கள். சின்ன வயசில் கேட்டிருப்பீர்கள். மிளகு மூட்டை ஏற்றி வந்த வியாபாரி இங்கே இளைப்பாறினான். ஒரு கிழவர் வந்து மருந்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்டார். கொடுக்க மனசில்லாமல், "இது மிளகு இல்லை, உளுந்து" என்றான். போய் மூட்டையை அவிழ்த்தால் அத்தனையும் உளுந்தாகிக் கிடந்தது. உளுந்தாண்டார்கோயில் சாமியின் திருவிளையாடல் என்பார்கள்.

அன்றைக்குப் பொய் சொன்னவன் மூட்டை மாறியது. இன்றைக்கு யாரோ சொல்கிற பொய்க்கு நம்ம மூட்டை மாறுகிறது. சில ஊர்களில் வயலுக்கு வராமலே போன வருஷத்துக் கணக்கைப் பார்த்து அடங்கல் எழுதுகிறார்கள். பயிர் நிற்கிற வயலுக்கு "தரிசு" என்று எழுதிவிட்டால் அது தரிசுதான். நாம் மணிலா போட்டிருப்போம், கணக்கில் வேறு பயிர் இருக்கும். காப்பீட்டுக்காரன் கணக்கைத்தான் பார்ப்பான், வயலைப் பார்க்க மாட்டான். நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் காய்ந்த நெல்லை ஈரம் என்பார்கள். 17 சதவீதம் வரைதான் ஈரப்பதம் இருக்கலாம் என்பது விதி. சரி, விதி இருக்கட்டும். கருவியில் என்ன எண் காட்டியது என்று நமக்குக் காட்ட வேண்டாமா? 40 கிலோ சிப்பத்தில் எத்தனை கிலோ நின்றது என்று நம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

எல்லா அலுவலரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ஒரே கிராம நிர்வாக அலுவலர் தன் கிராமத்தோடு பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் எழுதுகிறவன் பேனாவில் மிளகு உளுந்தாகிறது. அந்தப் பேனாவின் மேல் ஊர்க்கண் இருக்க வேண்டும்.

குடவோலையில் இல்லாத பெயர்

வரலாறு என்றதும் மேடைக்கு மேடை உத்திரமேரூர் சொல்கிறார்கள். நாமும் சொல்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு. குடத்தில் ஓலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஏரி வாரியம் என்றே தனியாக ஒன்று இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவன் நெருங்கிய உறவினரும் வர முடியாது. இந்த ஒரு விதியை இன்றைக்கு அமலாக்கினால் எத்தனை பேர் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது. அந்தக் குடத்தில் யார் பெயரைப் போட்டார்கள்? வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது வைத்திருக்கிறவர் பெயரை. அது பிராமணர்களின் சபை. பெண்கள் பெயர் இல்லை. அந்த ஏரித் தண்ணீரைப் பாய்ச்சி நெல் விளைவித்த உழவன் பெயர் இல்லை. ஏரியைக் காத்த பெருமையை எடுத்துக்கொள்வோம். உழுதவன் பெயரை விட்ட குறையையும் தெரிந்துகொள்வோம். ஆயிரத்து நூறு வருஷம் ஆகியும் அந்தக் குறை அப்படியே இருக்கிறதே என்று வெட்கப்படுவோம்.

விருத்தாசலத்தில் கூடியவர்கள்

இனிச் சொல்லப் போவதை எந்த மேடையிலும் நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். நமக்குத் தெற்கே இருக்கிற விருத்தாசலத்துக் கதை. புராணம் இல்லை, கல்வெட்டு.

1429-ஆம் வருஷம். விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. இங்கே அரசு அதிகாரிகளும் காணியாளர்கள் என்ற நில உடைமையாளர்களும் சேர்ந்து குடிகளை வரியால் கசக்கிப் பிழிந்தார்கள். அப்போது வலங்கை 98 சாதி, இடங்கை 98 சாதி என்று இரண்டு பிரிவு. எலியும் பூனையுமாக இருந்தவர்கள் என்றுதான் பின்னாள் வரலாற்றில் படிக்கிறோம். அந்த இரண்டு பிரிவும் விருத்தாசலம் கோயிலில் ஒன்றாகக் கூடினார்கள். தங்களைக் கசக்குகிற காணியாளருக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது, அதிகாரிகளுக்கு நம்மில் யாரும் கணக்கு எழுதித் தரக் கூடாது என்று முடிவு செய்து கல்லில் வெட்டினார்கள். நாட்டுக்குத் துரோகம் செய்தவனைக் குத்திக் கொல்வது என்றும் எழுதினார்கள். அது அந்தக் காலம். நமக்குக் கத்தி வேண்டாம். நமக்கு அரசியல் சட்டம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அவர்கள் எங்கே கை வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கணக்கு எழுதுவதில் கை வைத்தார்கள். அதிகாரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம பாட்டன்மாருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே சமயத்தில் மயிலாடுதுறைப் பக்கம் கொருக்கையிலும் ஒரு கல்வெட்டு. அதன் சாரம் இது: விளைச்சலைப் பார்த்து வரி போடாமல் அநியாயமாகப் போட்டார்கள், ஊரை விட்டு ஓடிப்போகலாம் என்றிருந்தோம், அப்போதுதான் புரிந்தது, மண்டலத்தார் எல்லாரும் ஒன்றாக நிற்காததால்தான் நமக்கு இந்தக் கதி, இனிமேல் விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியைக் கொடுப்போம், அநியாயமானதைக் கொடுக்க மாட்டோம்.

ஓடிப்போகலாம் என்றிருந்தவர்கள் யார்? நம்ம பிள்ளைகள்தானே! நிலத்தை விட்டுவிட்டுச் சென்னைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகள். தப்பு அவர்கள் மேல் இல்லை. ஒன்றாக நிற்காத நம் மேல்.

சொன்னதை எழுதியவர்கள்

இன்னும் ஒரு பாடம் வடக்கே சம்பாரணில் இருக்கிறது. 1917-ல் ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் பின்னால் போய் காந்தியை அழைத்து வந்தார். இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கட்டாயப்படுத்திய ஊர். காந்தி வந்ததும் முதலில் செய்தது என்ன? ராஜேந்திர பிரசாத் போன்ற வக்கீல்களை உட்கார வைத்து ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலத்தை எழுதச் சொன்னார். குறுக்குக் கேள்வி கேட்டு, பொய்யும் மிகையும் நீக்கி எழுதச் சொன்னார். அந்த எழுத்துக்கு அரசாங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை. விசாரணைக் குழு வந்தது. 1918-ல் சட்டம் வந்தது. அவுரிக் கட்டாயம் ஒழிந்தது.

நம் தமிழ்நாட்டில் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990-ல். இருபது வருஷம் ஆனது. 2020 நவம்பர் 26-ல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தவர்கள் ஒரு வருஷம் எழுந்திருக்கவில்லை. 2021 நவம்பர் 29-ல் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சில போராட்டத்துக்கு ஒரு வருஷம், சிலதுக்கு இருபது வருஷம். நாம் அரை நாள் உண்ணாவிரதம் இருந்துவிட்டு, "ஒண்ணும் நடக்கலை" என்று சலித்துக்கொள்கிறோம்.

அரவான் யார்?

இதுவரை அடுத்தவரைச் சொன்னோம். இனி நம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டும். கசப்பாக இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

கூவாகம் நமக்குப் பக்கம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா. நாடெங்குமிருந்து திருநங்கையர் வந்து தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிற திருவிழா. பாண்டவர் ஜெயிக்க வேண்டுமானால் களப்பலி கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் உள்ளவன் வேண்டும். அப்படி மூன்று பேர். கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான். கிருஷ்ணனை எப்படிக் கொடுப்பது? அர்ஜுனன் இல்லாமல் யுத்தமா? மிச்சம் அரவான். அவன் ஒத்துக்கொண்டான். சாகிறதுக்கு முன்னால் கல்யாணம் செய்து வையுங்கள் என்று கேட்டான். நாளைக்குச் சாகப் போகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கடைசியில் கிருஷ்ணனே மோகினியாக வந்தான்.

வருஷா வருஷம் அரவானுக்காக அழுகிறோம். நம்ம சங்கத்தில் அரவான் யார் என்று கேட்டிருக்கிறோமா?

நம் போராட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறவர்கள் குத்தகைக்காரர்கள். மறியலில் கைதாகிறவர்கள் அவர்கள். கூட்டத்துக்கு ஆள் கூட்டுகிறவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். நிவாரணம் வந்தால் வாங்குகிறவர்கள் பட்டா வைத்திருக்கிற நாம். அந்த அக்காவின் நிலத்துக்காரர் வெளியூர்க்காரர். சரி. உள்ளூரிலேயே, இந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற உறுப்பினர்களிலேயே, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிவாரணத்தைத் தாம் வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறோமா இல்லையா? நிர்வாகிகளிலேயே இருக்கிறோம். மறைக்க வேண்டாம். குத்தகைக்காரர் வேறு சாதியாக இருந்தால், காலனிக்காரராக இருந்தால், இன்னும் சுலபமாக மறந்துவிடுகிறோம். 1429-ல் வலங்கையும் இடங்கையும் ஒரே கோயிலில் உட்கார்ந்தார்கள். நம்ம சங்கக் கூட்டத்தில் ஒரே பாயில் உட்காருகிறோம். ஒரே கணக்கில் உட்கார மட்டும் மாட்டேன் என்கிறோம்.

பயம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது. அடங்கலில் பெயர் ஏறினால் நாளைக்கு நிலத்தை விட மாட்டான் என்ற பயம். அந்தப் பயத்தால் வாய்மொழிக் குத்தகை. வாய்மொழிக் குத்தகையால் உழுகிறவனுக்குக் கடன் இல்லை, காப்பீடு இல்லை, நிவாரணம் இல்லை. அவன் கந்துவட்டிக்குப் போகிறான். நட்டப்பட்டால் குத்தகை நின்றுபோகிறது. நிலம் தரிசாகிறது. கடைசியில் யாருக்கு லாபம்? மனை போடுகிறவனுக்கு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆந்திராவில் 2011-லேயே சாகுபடியாளருக்கு அட்டை கொடுக்கச் சட்டம் போட்டார்கள். 2019-ல் அதை மாற்றி, பதினோரு மாத ஒப்பந்தம், நில உரிமைக்குப் பாதிப்பில்லை, கடனும் காப்பீடும் நிவாரணமும் உழுகிறவனுக்கு என்று கொண்டுவந்தார்கள். அதிலும் ஓட்டை உண்டு. நிலத்துக்காரர் கையெழுத்து இல்லாமல் அட்டை கிடைக்காது என்பதால் பலருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைத்து நம்மிடம் கொண்டுவரச் சொல்லுகிறோம். பட்டத்துக்குப் பட்டம் சாகுபடிச் சான்று. நில உரிமைக்குச் சம்பந்தமில்லாத சான்று. வயலைப் பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கேட்டு, கிராம சபையில் பெயரை வாசித்துக் கொடுக்கிற சான்று.

மலையை மறக்கக் கூடாது

மேற்கே பாருங்கள், கல்வராயன் மலை. கோமுகியும் மணிமுக்தாவும் அங்கேதான் பிறக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கீழே நெல்லும் கரும்பும். அந்த மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரமடைந்தது 1947-ல். ஜாகீர் ஒழிந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல். இருபத்தொன்பது வருஷம் தாமதம். சாமையும் தினையும் மரவள்ளியும் போடுகிற மலையாளி மக்களில் எத்தனையோ பேருக்கு உழுகிற மண்ணுக்கு இன்னும் பட்டா இல்லை. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அந்தச் சட்டமும் பெரியவர்களின் வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்கிறது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்ட அதே அயலார் காட்சி! மலையில் பட்டா இல்லாதவரும் கீழே அடங்கலில் பெயர் இல்லாதவரும் ஒரே ஜாதி. எழுத்தில் இல்லாத ஜாதி. அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் இந்தப் போராட்டம்.

நாம் கேட்பது

ஒன்று: ஒவ்வொரு பட்டத்திலும் வயலை நேரில் பார்த்து அடங்கல் எழுத வேண்டும். உழுகிறவர் பெயரை எழுத வேண்டும். பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

இரண்டு: நில உரிமையைத் தொடாத சாகுபடிச் சான்று வழங்கச் சட்டம் வேண்டும். கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் மூன்றும் அந்தச் சான்றுக்குக் கிடைக்க வேண்டும்.

மூன்று: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமும் எடையும் விவசாயி கண்ணெதிரே காட்டப்பட்டு, ரசீதில் எழுதப்பட வேண்டும்.

நான்கு: கல்வராயன் மலையில் வன உரிமைச் சட்டப்படி கொடுத்த மனுக்களுக்கு முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நாம் செய்யப் போவது

கேட்பது மட்டும் போதாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நாம் முதலில் நம் முதுகைப் பார்ப்போம்.

இந்த மேஜை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. எண்பது பக்கம், கடையில் வாங்கிய சாதா நோட்டு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிற நிர்வாகிகள் நாங்கள் ஐந்து பேர். புல எண், பரப்பு, உழுகிறவர் பெயர் எழுதி, "இந்த நிலத்தைச் சாகுபடி செய்பவர் இவர், பயிருக்கு வருகிற நிவாரணம் இவருக்குச் சேர வேண்டும்" என்று இன்றைக்கு உங்கள் முன்னால் கையெழுத்துப் போடுகிறோம். 2024 வெள்ளத்தில் எங்களில் இரண்டு பேர் வாங்கிய நிவாரணத்தை உழுதவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. தாமதமாகக் கொடுத்தோம், வெட்கத்தோடு சொல்கிறோம். அந்த வருஷமே கொடுத்திருக்க வேண்டும்.

உறுப்பினர்களும் போடுங்கள். இன்றைக்கே என்று கட்டாயம் இல்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள். ஆனால் போடாமல் மறியலுக்கு மட்டும் வருகிறவர்களை வாருங்கள் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை.

குத்தகைக்காரர்கள், வாரத்துக்காரர்கள், பட்டா தன் பெயரில் இல்லாமல் புருஷன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிற நிலத்தில் பாடுபடுகிற பெண்கள், எல்லாரும் பின்பக்கத்தில் உங்கள் வாக்குமூலத்தை எழுதுங்கள். எத்தனை வருஷமாக உழுகிறீர்கள், பக்கத்து வயல்காரர்கள் யார் யார், போன வெள்ளத்தில் என்ன போச்சு. எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், படித்த பிள்ளைகள் எழுதட்டும். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். ஒரு பொய் புகுந்தால் மொத்த நோட்டும் உளுந்தாகிவிடும்.

அந்த நோட்டின் படியைத்தான் அலுவலகத்தில் கொடுப்போம். கிழித்துப் போட்டால் போடட்டும், வாங்க மறுத்தால் மறுக்கட்டும். மூலம் நம்மிடம் இருக்கும். பதில் வரும்வரை அலுவலக வாசலில் காத்திருப்போம். கஞ்சித் தொட்டியை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

பேச்சு முடிந்தது. அந்த அக்கா முதலில் வரட்டும். வழி விடுங்கள்.

உழுதவர் பெயர் ஊர்க்கணக்கில் ஏறட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!